வலது பக்கத்து ஆசனம்

ரெய்னர்ஸ் லேன்
7 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி கிருஷ்ணராசா,

அக்கா வசந்தமலர் எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். வருகிற வியாழக்கிழமை அதையும் மாற்றுகிறார்கள். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கத் தேவையில்லை. நேற்று உன்னைப் பொன்னாடையோடு பார்த்தேன்.

முப்பத்தொரு வருடம் இந்த லண்டன் நகரத்தில் இரட்டைத்தட்டு பஸ் ஓட்டினாய். ஒருவரும் பொன்னாடை போர்த்தவில்லை. விடுமுறைக்குப் போகிறாய் என்றதும் போர்த்திவிட்டார்கள். தமிழ்ச் சாரதிகள் ஒன்றியத் தலைவர் பாலேந்திரா, "அமெரிக்காவிலை ஏழு மாநிலம், இரண்டாயிரம் மைல், ஒரே சாரதி!" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் எனக்கே நீ பறந்து போகிறாய் போலிருந்தது. நவம்பர் முப்பதாம் திகதி வரவேற்பு, 'சாரதி திலகம்' பட்டம், உன் பயணக் கடிதங்களோடு ஒரு விழா மலர். கடிதங்களைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பாம். ஆறு கிழமை படுத்திருக்கப் போகிறவள் வேறு என்ன செய்வாள் என்று நினைத்தார்களோ.

ஆகையால் தொலைபேசி வேண்டாம். அதில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாய். கடிதம் என்றால் தாளை நிரப்பியாக வேண்டும். தங்கும் இடங்களின் முகவரிகளைத் தந்துவிட்டுப் போ. நீ வந்து எடுக்கும்வரை வைத்திருக்கும்படி உறையில் எழுதி அனுப்புவேன்.

குமுதினியைக் கேட்டதாகச் சொல். நேற்று அவள் மேடையின் ஓரத்தில் உன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் கதிரை கொடுக்கவில்லை.

உன் அக்கா,
வசந்தமலர்


மசாசூசெட்ஸ்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். புது முழங்கால் பழையதைவிடச் சொல்வழி கேட்கிறதா?

வண்டியை இங்கே ஆர்.வி. என்கிறார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது அடி நீளம். இத்தகைய வண்டிகள் தங்கும் இடத்துக்கு முகாம் என்று பெயர். அந்தச் சொல்லை எழுத முதலில் கை கூசியது. நாங்கள் அகதி முகாமிலிருந்து வெளியே வர எத்தனை பத்திரம் நிரப்பினோம்! இவர்கள் உள்ளே வருவதற்குப் பத்திரம் நிரப்புகிறார்கள்.

புறப்பட முன் முறைப்படி ஆறு சில்லுக்கும் ஆறு தேசிக்காய் வைத்தேன். பக்கத்து வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, எலிக்கு வைத்த மருந்தா என்று கேட்டார். இன்சூரன்ஸ் என்றேன். தலையாட்டினார். தேங்காய் இரண்டாம் முறையில் மிக அழகாக உடைந்தது. அதன்பின் எதிர்பாராத காரணங்களால் நான்கு நாள் தாமதம். இன்று வண்டி புறப்பட்டு நன்றாக ஓடியது.

தெருவோரத்தில் பூசணிக்காய்களை அடுக்கி வைத்துவிட்டு ஆள் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு தகர டப்பா. காசைப் போட்டுவிட்டு எடுக்க வேண்டியதுதான். காவல் இல்லை, கமரா இல்லை. டப்பாவையே யாரும் எடுக்கவில்லை என்பதுதான் நான் இதுவரை கண்ட பெரிய அதிசயம்.

அன்புத் தம்பி,
கிருஷ்ணராசா

மலருக்கு: 'கண்ட' என்பதைக் 'கண்ணுற்ற' என்று மாற்றவும்.


ரெய்னர்ஸ் லேன்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி,

முழங்கால் மடங்குகிறது, நான்தான் மடங்க மறுக்கிறேன் என்று பிசியோ பிள்ளை குறை சொல்கிறாள். உங்கள் இருவரின் சுகத்தையும் எழுது. 'இருவரும்' என்று மொத்தமாக எழுதாமல் தனித்தனியாக எழுது.

இருபத்திரண்டு வருடம் தபாற்கந்தோர் கவுண்டரில் இருந்து, "எதிர்பாராத காரணங்களால் தாமதம்" என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் காரணம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. தேங்காய் இரண்டாம் முறையில் உடைந்தது என்றால் முதல் முறை என்ன உடைந்தது?

பாலேந்திரா தோடம்பழங்களோடு பார்க்க வந்தார். என் காலைப் பற்றி ஒரு நிமிடம் விசாரித்தார், உன் கடிதத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம். பூசணிக்காய்ப் பகுதி இலக்கியமாம்.

அக்கா


மெயின் மாநிலம்
1 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. முழங்கால் தேறி வருமென்று நம்புகிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

இந்த மாநிலத்தில் தெருவோரம் எதையும் சிறிதாக வைக்க மாட்டார்கள். ஓரிடத்தில் முப்பது அடி மனிதன் ஒருவன் கோடரியோடு நிற்கிறான். வைரவர் போலத்தான், ஆனால் வடைமாலை இல்லாததால் முகத்தில் ஒரு ஏக்கம். ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரையில் சிங்க இறால் ஒன்று கார் அளவில் படுத்திருக்கிறது. ஒரு சிற்றூரில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் ஒரு வைக்கோல் பொம்மை: பொலிஸ்காரர், தாதி, தபால்காரர். கண்ணாடி போட்ட ஆசிரியை ஒருத்தியின் நெஞ்சில், 'திருமதி டோரதி, 1961 முதல் இதே வகுப்பு' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. நான்காவது கம்பத்துப் பொம்மைக்கு ஒரு பொத்தான் குறைந்திருந்தது.

மேப்பிள் மரங்களெல்லாம் காஞ்சிபுரம் உடுத்திக் கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நிற்பது போல இருக்கிறது என்று குமுதினி சொன்னாள். மலருக்கு அதைச் 'செந்தழலெனச் சிவந்த வனம்' என்று மாற்றியிருக்கிறேன்.

எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். இதை எழுதும்போது வண்டி மணிக்கு ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. படம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

தம்பி,
கிருஷ்ணராசா


ரெய்னர்ஸ் லேன்
8 ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பி,

ஊன்றுகோலோடு சமையலறைவரை போய் வந்தேன். நீயும் நடமாடுகிறாய் என்று நினைக்கிறேன்.

ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முப்பது அடி வண்டியை ஓட்டிக்கொண்டு கடிதம் எழுதி, பொம்மையின் நெஞ்சில் இருந்த பொடி எழுத்தை வாசித்து, நான்காவது கம்பத்தில் பொத்தானையும் எண்ணியிருக்கிறாய். பஸ் ஓட்டிய காலத்தில் நீ இப்படிப் பக்கம் பார்த்திருந்தால் உனக்குப் பென்ஷன் கிடைத்திருக்காது.

படத்தைப் பாலேந்திராவிடம் காட்டினேன். வலது பக்கத்து ஆசனத்தில் பட்டி போட்டு, முதுகை நிமிர்த்தி, நேரே தெருவைப் பார்த்தபடி இருக்கிறாய். "சாரதியெண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும்!" என்றார். மலரின் அட்டைப்படம் அதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

அவர் போனபின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். உன் முன்னால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு பூசணிக்காயும் இருக்கின்றன. ஸ்டியரிங் இல்லை. லண்டனில் சாரதி வலது பக்கம் இருப்பார். அமெரிக்காவில் இடது பக்கம். பாலேந்திராவுக்கு அது நினைவில் வரவில்லை. படுத்திருப்பவளுக்கு எல்லாம் நினைவு வரும்.

இடது பக்கத்தில் இருந்தது யார், தம்பி?

அக்கா


வெர்மொண்ட்
10 ஒக்டோபர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

குமுதினி எழுதுகிறேன். உங்கள் முழங்காலுக்காகத் தினமும் கும்பிடுகிறேன். நான் நல்ல சுகம். தனியாக எழுதச் சொன்னீர்களாம், அதனால்தான் 'நான்'.

செப்டம்பர் இருபத்தெட்டில் நீங்கள் எழுதியது நேற்று இங்கே கிடைத்தது. இவர் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதில் எழுதும் அறிகுறி இல்லை. ஆகவே நான் சொல்கிறேன்: முதல் முறை உடைந்தது தேங்காய் இல்லை, இவருடைய வலது கால். ஓங்கி அடித்த தேங்காய் தார்த் தரையில் எம்பி நேரே பாதத்தில் விழுந்தது. எலும்பு வெடித்து, ஆறு கிழமைக்குப் பெரிய சப்பாத்து ஒன்று மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் முறை உடைத்தது நான்.

நான்கு நாள், வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லண்டன் போவோம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் நான் இடது பக்கத்தில் ஏறி இருந்தேன். வாடகைக் கந்தோரில் இரண்டாவது சாரதி என்ற கட்டத்தில் நான் கையெழுத்து வைத்ததை இவர் காணவில்லை. அப்போது தேங்காய் வாங்கப் போயிருந்தார்.

நேற்று முன்தினம் ஒரு சங்கதி. இங்கே ஆற்றுக்கு மேலே, கூரை போட்ட மரப்பாலங்கள் இருக்கின்றன. வரைபடம் இவர் கையில். "வடிவான பாலம், குமுது, இதாலை போவம்" என்றார். வளைவு திரும்பினால் பாலத்தின் உயரம் ஒன்பதரை அடி, எங்கள் வண்டி பதினொன்றரை. பின்னால் ஏழெட்டு வாகனம். ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் அப்பிள் தோட்டம்.

"ரிவேஸ் எடுக்க ஏலாது. பொலிசுக்குப் போன் அடிப்பம்" என்றார்.

"இஞ்சேருங்கோ, ஒண்டில் இறங்கி நில்லுங்கோ, இல்லாட்டி வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றேன். கலியாணம் கட்டிய முப்பத்தாறு வருடத்தில் முதல் தரம்.

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, நானும் கால் மைல் தூரம், வளைவோடு, கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னுக்கு எடுத்தேன். ஒரு அப்பிள் விழவில்லை. கடைசி வாகனத்துக் கிழவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.  பிறகு இவர், "கண்ணாடியை நல்லாப் பாவிக்கிறீர்" என்றார். மச்சாள், எனக்கு அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்றைக்குப் போதவில்லை. மலரில் எனக்கும் ஒரு வரி வருமென்று தெரியும்: 'பாரியார் குமுதினியும் உடன் சென்றார்.' நான் உடன் செல்லவில்லை. கொண்டு போகிறேன், அவரை. அங்கே என் பெயர் வர வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லி வரக்கூடாது. அவர் வாயால் வருமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்பு மச்சாள்,
குமுதினி


ரெய்னர்ஸ் லேன்
18 ஒக்டோபர் 2024

அன்புள்ள குமுதினிக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த மகிழ்ச்சியில் ஊன்றுகோல் இல்லாமல் இரண்டு அடி நடந்துவிட்டேன். பிசியோ பிள்ளை காரணம் கேட்டாள். ரிவேஸ் என்றேன்.

பதினான்கு வருடத்துக்கு முன் பதினெட்டு வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உம்மை ட்ரைவிங் வகுப்புக்குக் கூட்டிப்போனதற்கு முருகனிடம் நான் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீர் முதல் தரத்திலேயே சித்தியடைந்ததால் அவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. அந்த லைசென்ஸைத் தம்பி ஏதோ குலுக்கலில் விழுந்த பரிசு என்று நினைத்தான். தபாற்கந்தோரில் பார்சல் எடுக்கும்போது காட்டவே அது பயன்பட்டது.

நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் தட்டச்சு என் கையில். அவன் எழுதாத ஒன்றை நான் எழுதமாட்டேன். அவன் செய்யாத ஒன்றையும் எழுதமாட்டேன்.

இனி மலைத் தெருக்கள். இறக்கத்தில் சிறிய கியரில் வாரும்.

மச்சாள்


வேர்ஜீனியா
28 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வலது கால் சற்று இளைப்பாறுகிறது. உங்கள் கேள்விகள் பென்சில்வேனியாவில் கிடைத்தன. அங்கே வானிலை மிக நன்றாக இருந்தது.

குதிரை வண்டியில் போன தாடிக்காரர் ஒருவர் எங்களுக்கு வழிவிட்டுத் தொப்பியைத் தொட்டார். வணக்கம் என் பக்கம் வரவில்லை. எண்ணெய் அடிக்கும் இடத்தில் லொறிச் சாரதி ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்லையே!" என்றார். அவரும் பாராட்டியது என்னை அல்ல. இந்த நாட்டில் தெருவோரம் காண எவ்வளவோ இருக்கின்றன, அக்கா. ஆனால் வலது பக்கத்தில் இருந்துகொண்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாலும் காண நிறைய இருக்கிறது. இந்த வரி மலருக்கு அல்ல.

ஏழாவது மாநிலம் வேர்ஜீனியா என்றுதானே கணக்கு? வழியில் மேரிலாந்து குறுக்கிட்டது. பன்னிரண்டு மைல், தேத்தண்ணி ஆற முன் முடிந்துவிட்டது. அடுத்து மேற்கு வேர்ஜீனியா. ஆகவே மொத்தம் ஒன்பது. அழைப்பிதழில் 'ஏழு' என்பதை ஒன்பது என்று மாற்றச் சொல்லுங்கள். 'ஒரே சாரதி' என்பது சரி. அதை மாற்ற வேண்டாம்.

தம்பி,
கிருஷ்ணராசா


ரெய்னர்ஸ் லேன்
6 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி,

லண்டன் திரும்பி, எட்மண்டன் வீட்டுக்குச் சுகமாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. சப்பாத்தைக் கழற்றியாயிற்றா? எனக்கு அது எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

மலரின் பக்கங்களைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது மாநிலம் என்று திருத்திவிட்டேன். பதினோராம் பக்கத்தில் பயண விபரங்கள்: தூரம், நாள், வண்டியின் நீளம். கடைசியில் ஒரு வரி:

வண்டியை ஓட்டியவர்: ____________

அதை நீ நிரப்பி அனுப்பு. அச்சகத்துக்கு இருபதாம் திகதி போகிறது. விழாவுக்கு என்னால் வர ஏலாது. கதிரையில் மூன்று மணித்தியாலம் இருக்க இன்னும் அனுமதி இல்லை. பாலேந்திரா பேசுவார் என்றால் நான்கு.

அக்கா


எட்மண்டன்
15 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கால் பரவாயில்லை, தடி போதும். உங்கள் காலை அடுத்த கிழமை வந்து பார்க்கிறேன்.

பக்கங்களைத் திருப்பி அனுப்புகிறேன். 'செந்தழலென' என்பதை வெட்டிக் காஞ்சிபுரத்தை மறுபடி சேர்த்து, குமுதினி சொன்னது என்றும் எழுதியிருக்கிறேன். அட்டையைப் பாலேந்திரா அச்சுக்குக் கொடுத்துவிட்டார், இருநூறு பிரதி.

அந்தக் கடைசி வரியை நான் நிரப்பவில்லை. வெறும் கோடாகவே அச்சடிக்கச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

தம்பி


எட்மண்டன்
1 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் நேற்றைய விழா.

மண்டபம் நிறைந்த சாரதிமார். எல்லார் கையிலும் மலர். அட்டையில் இவர், வலது பக்கத்தில் நிமிர்ந்தபடி. பதினோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கோடு வெறுமையாகவே கிடந்தது.  இந்த முறை கதிரை தந்திருந்தார்கள். இவர் கழற்றித் தந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பாலேந்திரா இருபத்தைந்து நிமிடம் பேசிவிட்டுப் பொன்னாடையை விரித்தார். இவர் தடியை ஊன்றி மைக்குக்கு வந்தார்.

"பாலேந்திரா அண்ணை, பொறுங்கோ. இஞ்சை இருக்கிற எல்லாரும் லைசென்ஸ் வச்சிருக்கிற ஆக்கள். இந்த அட்டைப்படத்திலை ஸ்டியரிங் எங்கை இருக்கெண்டு ஒராள் காட்டுங்கோ பாப்பம்."

நூற்றிருபது சாரதிமார் மலரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். ஒருவர் தலைகீழாகவும் பார்த்தார். பின் வரிசையில் இருந்து ஒரு குரல்: "ஐயோ, அமெரிக்காவிலை அது மற்றப் பக்கமெல்லோ!" மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது.

பாலேந்திராவின் மனைவி றஜீனா முன் வரிசையில் எழும்பி நின்றா. "அப்ப ஓட்டினது ஆர், அண்ணை?"

"அதுக்குத்தான் வாறன். பதினோராம் பக்கத்தை எடுங்கோ. ஒரு கோடு வெறுமையாக் கிடக்கு. நான் ஒருதன் எழுதி அச்சடிச்சால் நீங்கள் வாசிச்சிட்டு மறந்துபோவியள். நீங்களே எழுதினால் மறக்கமாட்டியள். எல்லாரும் பேனையை எடுங்கோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், மச்சாள். தேங்காய் எம்பியதை, நான்கு நாள் மூஞ்சையைத் தூக்கி வைத்திருந்ததை, மரப்பாலத்தை. "நானெண்டால் பொலிசுக்கு அடிச்சிருப்பன். இவ கால் மைல் பின்னுக்கு எடுத்தவ. இஞ்சை ஆராலையும் ஏலுமெண்டால் கையைத் தூக்குங்கோ." ஒரு கையும் உயரவில்லை. "சரி. எழுதுங்கோ: குமுதினி கிருஷ்ணராசா. ஒன்பது மாநிலம். ஒரே சாரதி."

மண்டபத்தில் இருந்த அத்தனை மலரிலும் பேனை ஓடிய சத்தத்தை நான் கேட்டேன். பேனை இல்லாதவர்கள் பக்கத்தில் கடன் வாங்கினார்கள். பாலேந்திரா பொன்னாடையை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நிற்க, றஜீனா அதைப் பறித்துக்கொண்டு வந்து எனக்குப் போர்த்தினா. என் சேலைக்கு அது கொஞ்சமும் பொருந்தாத நிறம். இன்னும் கழற்றவில்லை, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தேத்தண்ணி நேரத்தில் றஜீனாவும் இன்னும் நான்கு பேரும் வந்து ட்ரைவிங் பழகியது எங்கே என்று கேட்டார்கள். மனோர் பார்க் வெள்ளிக்கிழமைகளை இவர் காதுபடச் சொல்லிவிட்டேன்.  "பதினெட்டு வெள்ளியும் விரதமெண்டு நம்பி மரக்கறி சமைச்சு வச்சது நானெல்லோ" என்றார் இவர். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே மழை. கார் நிற்கும் இடத்தில் வழக்கம்போல நான், இங்கே ஓட்டாதவர் ஏறும் இடது கதவுப் பக்கம் போனேன். அங்கே இவர் எனக்கு முன்பே போய்க் கதவைத் திறந்து, தடியைப் பின்னால் வைத்து, ஏறிப் பட்டியும் போட்டுவிட்டார். கார்த் திறப்பைக் கதவுக் கண்ணாடிக்கு மேலால் நீட்டினார்.

"என்ன பாக்கிறீர்? மழைக்குள்ளை நிக்காமல் எடும் வண்டியை."

இப்போது கேட்கிறேன்: முழங்கால் எப்படி? காரில் முன்னுக்கு ஏற ஏலுமென்றால் நல்லது. ஏலாவிட்டால் பின் ஆசனத்தில் காலை நீட்டி வைக்கலாம். முன்னால் இருப்பவர் ஆசனத்தைத் தள்ளித் தருவார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ரெய்னர்ஸ் லேன் வாறன், மச்சாள். வெளிக்கிட்டு நில்லுங்கோ.

அன்புடன்,
குமுதினி
(ஓட்டுவது நான்)